நான் வெளியிடாத மூன்று வரிகள்

ஏற்காடு மலையில், நாகலூரில் ஒரு காபி எஸ்டேட் ஆபீசில் வருகைக் கணக்கு எழுதுகிற ரைட்டராக இருக்கிறேன். ஒரு சனிக்கிழமை முற்பகல், வருகைப் பதிவேட்டை மூடிவிட்டு டீ குடிக்கலாம் என்று எழுந்தபோது வெள்ளைக் கார் ஒன்று கேட்டைத் தாண்டி நேராக ஆபீஸ் வாசலில் வந்து நின்றது. கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். கணவர் இறங்கி வந்து செல்போனை நீட்டினார்.

“மேடம், பழைய காபி மிஷினைச் சுத்திப் பார்க்கலாம்னு போட்டிருக்கே, அது இங்கதானே?”

எங்கள் எஸ்டேட்டில் வெளியாட்கள் எதையும் சுற்றிப் பார்க்க முடியாது. காபிப் பழத்தின் தோலை உரிக்கிற பழைய இயந்திரம் ஒன்று கொட்டகைக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடக்கிறது என்பது உண்மைதான். அது இவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தபடி போனை வாங்கினேன். ஏற்காட்டில் தவறவிடக் கூடாத பத்து இடங்கள் என்று தலைப்பு. நான்காவது இடம் எங்கள் எஸ்டேட். முதல் வரியைப் படித்தேன். இரண்டாவது வரியில் காது மடல் சுட்டது. மூன்றாவது வரி எப்படி முடியும் என்று படிப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருந்தது. அதை எழுதியவள் நான்.

கடைசியில் ஒரு வரி மட்டும் என்னுடையது இல்லை. ‘பார்வையாளர்களுக்கு அனுமதி உண்டு.’

அவர்களைச் சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்புவதற்குள் மேனேஜர் வெளியே வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டார். அவர் முகத்தில் கோபம் தெரியவில்லை. என்னை முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தார்.

“ரைட்டரம்மா, நம்ம எஸ்டேட் சமாச்சாரத்தை வெளிய எழுதறீங்களா?”

“எஸ்டேட் பேரை நான் எங்கேயும் போட்டதில்லைங்க சார். இது யாரோ திருடிப் போட்டு, பேரையும் சேர்த்திருக்காங்க.”

“திருடறதுக்கு மொதல்ல அங்க எதாச்சும் இருக்கணுமில்லீங்களா?” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஏழு வருஷமாக இணையத்தில் ஒரு பக்கம் வைத்து எழுதி வருகிறேன். காபியைப் பூக்க வைக்கிற பூமழை எந்த வாரம் விழுந்தது, காபிச் செடிக்கு அடியில் முளைக்கிற கீரைகளில் எதை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது, பனி இறங்கினால் பஸ் எந்த வளைவில் விளக்கைப் போடும் என்று சின்னச் சின்ன விஷயங்கள். படிக்கிறவர்கள் முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். அதில் பாதிப் பேர் இந்த மலையில் வேலை பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போனவர்கள். ஆபீசில் யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரர் ஓட்டலில் வேலை பார்க்கிறார். அவருக்குத் தெரியும், ஆனால் படித்ததில்லை. தவறாமல் படித்த ஒரே ஆள் ஒரு டீச்சர்.

அவர் நாகலூர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தார். சேலத்துப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து, ஏற்காடு டவுனில் வாடகைக்கு இருந்தார். காலையில் நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறுவோம். என்னைவிட எட்டு வயது சின்னவர்; அக்கா என்றுதான் கூப்பிடுவார். நான் அவரை டீச்சர் என்பேன். நான் எதை எழுதினாலும் முதலில் அவருக்கு அனுப்புவேன். எழுத்துப்பிழை பார்ப்பார். எனக்குப் படம் எடுக்க வராது; கை நடுங்கும். அதனால் என் பக்கத்துக்கு நல்ல படங்களை எடுத்துத் தந்ததும் அவர்தான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அந்தத் தளத்தைத் திறந்து உட்கார்ந்தேன். ஒன்றல்ல, இருபத்து மூன்று கட்டுரைகள். எல்லாவற்றுக்கும் மேலே தாடி வைத்த ஒருவரின் படம், அடியில் ‘மலைப்பயண நிபுணர்’ என்று இருந்தது. கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் களி கிண்டிக் கையைச் சுட்டுக்கொண்டதை நான் எழுதியிருந்தேன். அந்தத் தாடிக்காரரும் அப்படியே தன் மாமியார் வீட்டில் களி கிண்டிக் கையைச் சுட்டுக்கொண்டிருந்தார். நான் ஒரு இடத்தில் மிளகுக் கொடி என்பதை அவசரத்தில் மிளகுக் கோடி என்று அடித்திருந்தேன். அங்கேயும் கோடிதான். படங்களின் மூலையில் இருந்த என் பெயரை மட்டும் மங்கலாக்கியிருந்தார்கள்.

கோபம் வந்தது. ஆனால் கோபத்தைக் கலைத்துப் போட்டது இருபத்தொன்றாவது கட்டுரை. அது தலைச்சோலை என்கிற மலைக்கிராமத்தின் ஊற்றைப் பற்றியது.

அந்த ஊற்றை எனக்குக் காட்டியவர் தலைச்சோலைக்காரர் ஒருவர். சொந்தமாகக் கொஞ்சம் காபியும் ஆரஞ்சும் வைத்திருப்பவர். அறுவடைக் காலத்தில் எங்கள் எஸ்டேட்டுக்கும் வேலைக்கு வருவார். கோடையில் மற்ற எல்லாம் வற்றினாலும் அது வற்றாது, பத்துப் பதினைந்து வீட்டுக்குக் குடிதண்ணீர் அதுதான் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார். பாறை இடுக்கிலிருந்து விரல் தடிமனுக்கு விழுகிற தண்ணீர். வீட்டுக்கு வந்த சூட்டோடு எழுதி, போகிற வழியையும் மூன்று வரியில் சேர்த்தேன். எந்த வளைவில் இறங்க வேண்டும், எந்தப் பலா மரத்துக்குப் பக்கத்தில் கல்லடுக்கைத் தாண்ட வேண்டும், எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்று. என் வழக்கப்படி பக்கத்தில் ஏற்றிவிட்டு அதன் இணைப்பை டீச்சருக்கு அனுப்பினேன். கால் மணி நேரத்தில் போன் வந்தது.

“அக்கா, நொம்ப நல்லா இருக்குதுங்க. ஆனா வழியை எழுத வேண்டாமுங்க. நாளைக்கே கார் எடுத்துட்டு வந்து நிப்பாங்க. குடிக்கிற தண்ணி.”

சரி என்று தோன்றியது. உடனே கட்டுரையை எடுத்துவிட்டேன். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிக்கை காட்டுமே, அதில் ஒன்று என்று இருந்தது. அந்த ஒன்று டீச்சர். மறுநாள் காலையில் அந்த வரிகள் இல்லாமல் மறுபடி போட்டேன்.

ஆகவே அந்த மூன்று வரிகளை இந்த உலகத்தில் படித்தவர்கள் இரண்டே பேர். எழுதிய நான் ஒருத்தி; படித்த டீச்சர் இன்னொருத்தி. இப்போது அவை தாடிக்காரரின் பக்கத்தில், வளைவும் பலா மரமும் கல்லடுக்குமாக, ஒரு எழுத்துக்கூட மாறாமல் இருந்தன.

டீச்சருக்குச் சேலத்தில் ஒரு தம்பி உண்டு. கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் இணையதளம் செய்து கொடுக்கிறவர். அந்த நிமிஷத்தில்தான் அது என் ஞாபகத்துக்கு வந்தது.

சந்தேகம் வந்துவிட்டால் பழைய நாட்கள் எல்லாம் வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கின்றன. அடுத்தது எப்ப எழுதுவீங்க என்று டீச்சர் அடிக்கடி கேட்பார். அது ஆசையில் கேட்டது என்று அதுவரை நினைத்திருந்தேன். எந்த ஆப்பில் தமிழ் அடிக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டார். மலைக்கு வந்த புதிதில் யாரிடமும் பேசாதவர், என்னிடம் மட்டும் ஏன் வந்து உட்கார்ந்தார்? வழியை எழுத வேண்டாம் என்று சொன்னாரே, அதுகூட, என் பக்கத்தில் இல்லாத ஒன்று தன் தம்பியின் பக்கத்தில் இருக்கட்டும் என்றுதானோ? இப்படி ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தேன். எல்லாமே பொருந்தின. பொருந்தாதது ஒன்றாவது இருக்கிறதா என்று நான் தேடவில்லை.

மறுநாள் வீட்டுக்காரரிடம், “என் பாஸ்வேர்டை யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?” என்று கேட்டேன். “உன் பாஸ்வேர்ட் என்னன்னே எனக்குத் தெரியாது, இதுல யார்கிட்டச் சொல்றது?” என்றார். அதையும் ஒரு நிமிஷம் நம்பாமல்தான் இருந்தேன்.

நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பொறி வைத்தேன்.

எஸ்டேட்டில் கிடைக்கிற கீரைகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, அதில் நானாக இட்டுக்கட்டிய ஒரு கீரையையும் நுழைத்தேன். பஞ்சுநாக்குக் கீரை என்று பெயர் வைத்தேன். அப்படி ஒன்று இந்த மலையிலும் இல்லை, வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இந்த முறை பக்கத்தில் ஏற்றவில்லை. வாட்ஸப்பில் டீச்சருக்கு மட்டும் அனுப்பினேன். தாடிக்காரர் தளத்தில் பஞ்சுநாக்கு முளைத்தால் கையும் களவுமாகப் பிடித்தாயிற்று.

இரண்டு நாள் கழித்து டீச்சரிடமிருந்து குரல் பதிவு வந்தது. “அக்கா, அந்தப் பஞ்சுநாக்குக் கீரை நான் கேள்விப்பட்டதே இல்லைங்க. எங்க பள்ளிக்கூடத்துல மலைக்காரப் பிள்ளைங்க இருக்குதுங்களே, அதுங்ககிட்டயும் கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியல. ஒரு பையன் அவங்கம்மாவைக் கேட்டுட்டு வந்து அப்படி இல்லவே இல்லைங்கறான். எங்கீங்க முளைக்குது? ஒரு நாளைக்குக் காட்டுங்க, போட்டோ எடுக்கலாம்.”

இன்று அந்தக் குரலை நினைத்தால் கூசுகிறது. அன்று, என் வாயைப் பிடுங்கப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். காட்டறேன் டீச்சர் என்று மட்டும் பதில் போட்டேன்.

மூன்று வாரம் தினமும் அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். பஞ்சுநாக்கு வரவில்லை. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். ஆனால் என் மனம் என்ன சொன்னது தெரியுமா? கெட்டிக்காரி, மோப்பம் பிடித்துவிட்டாள்.

அந்த மூன்று வாரத்தில் பஸ்ஸில் நான் பேசியது குறைந்துவிட்டது. டீச்சர் இரண்டு தடவை உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நான்காவது வாரம் திங்கட்கிழமை, பஸ் டவுனைத் தாண்டியதும் அவரே மறுபடி ஆரம்பித்தார்.

“அக்கா, என் மேல எதாச்சும் வருத்தமுங்களா?”

அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. தளத்தைத் திறந்து, ஊற்றுக் கட்டுரையை எடுத்து, அந்த மூன்று வரிகளைக் காட்டினேன்.

“இதைப் படிச்சவங்க நீங்களும் நானும்தான். நான் கொடுக்கல.”

டீச்சர் படித்தார். மறுபடி படித்தார். முகத்திலிருந்து நிறம் போனதைப் பார்த்தேன். அதையும் குற்றத்தின் அடையாளமாகவே எடுத்துக்கொண்டேன்.

“நான் கொடுத்தேன்னு நெனைக்கறீங்களா?”

“உங்க தம்பி சைட் பண்றவர்தானே?”

முன் சீட்டில் இருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் பையிலிருந்து போனை எடுத்தார். பூட்டைத் திறந்து, தம்பியோடு பேசிய பக்கத்தை எடுத்து என் மடியில் வைத்தார்.

“பாருங்க.”

யாராவது அப்படிப் போனைக் கொடுத்தால் பார்க்காமல் திருப்பிக் கொடுப்பதுதான் மரியாதை. நான் பார்த்தேன். அம்மாவின் மாத்திரை, காஸ் புக்கிங், யாரோ உறவுக்காரர் கல்யாணம். விரலால் தள்ளிக்கொண்டே போனேன். இரண்டு மாதத்துக்கு முந்தைய தேதியில் ஒரு வரி இருந்தது. ‘அக்கா அந்த மேடம் சைட் லிங்க் அனுப்பு.’ அதற்குக் கீழே டீச்சர் என் பக்கத்தின் இணைப்பை அனுப்பியிருந்தார்.

அந்த வரியைக் காட்டினேன். “இது என்னங்க டீச்சர்?”

அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். போனை வாங்கிப் பைக்குள் போட்டார். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார். பள்ளிக்கூடத்துக்கு இன்னும் மூன்று நிறுத்தம் இருந்தது.

பதில் சொல்ல முடியாமல்தான் இறங்கிப் போனார் என்று நான் தீர்மானித்தேன். அன்றைக்கு ஆபீசில் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த நாளிலிருந்து அவர் அதற்கு முந்தைய பஸ்ஸில் போக ஆரம்பித்தார்.

அந்த வாரமே தலைச்சோலைக்காரர் எஸ்டேட் ஆபீசுக்கு வந்தார். வேலைக்காக இல்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிட்டார்.

“ஏனுங்க அம்மணி, நம்ம ஊத்து இருக்குற எடம் எல்லாத்துக்கும் தெரிஞ்சுபோச்சுங்களே. போன ஞாயித்துக்கிழமை நாலு காருங்க. ஒருத்தன் சோப்புப் போட்டுக் குளிக்கறான். எங்க ஊட்டுப் பொம்பளைங்க கொடத்தோட நின்னு பாக்கறாங்க. கேட்டா, போன்ல போட்டிருக்குதுங்கறான்.”

“அது நான் போட்டது இல்லைங்க. நான் எழுதி அழிச்சதை யாரோ திருடிப் போட்டுட்டாங்க.”

“எழுதுனது நீங்கதானுங்களே?” என்றார்.

“எழுதினேன். ஆனா…”

“நான் தண்ணி காட்டத்தான் கூட்டிட்டுப் போனேன். எழுதச் சொல்லலீங்களே.”

சண்டை போடுகிற குரல் இல்லை. அப்படிச் சொல்லிவிட்டு, பொழுது போவதற்குள் முள் வெட்டிப் பாதையை அடைக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். திருடன் யார் என்பதிலேயே ஒரு மாதமாக என் புத்தி இருந்தது. அந்தக் கட்டுரை அங்கே கிடந்த ஒவ்வொரு நாளும் ஊற்றுக்குக் கார் வந்துகொண்டிருந்தது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு, டவுனில் ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும் செய்து தருகிற கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு இந்த விஷயங்கள் தெரியும் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். கட்டுரைகளைக் காட்டினேன். திருட்டை நீக்க வைக்க முடியுமா என்று கேட்டேன்.

“முடியுமுங்க. அந்தத் தளத்துக்கு எடம் கொடுத்திருக்கற கம்பெனிக்குப் புகார் பண்ணணும். தேடுபொறிக்காரனுக்கும் தனியா ஒண்ணு. அதுக்கு முன்னாடி உங்க பக்கத்தைத் தொறங்க, எப்படி எடுக்கறான்னு பாக்கலாம்.”

என் பக்கத்தின் முகவரிக்குப் பின்னால் ஏதோ நாலெழுத்தைச் சேர்த்து அமுக்கினார். படமோ அலங்காரமோ இல்லாமல் என் கட்டுரைகள் முழுசாக வரிசையாக வந்து விழுந்தன. அப்படி ஒரு பக்கம் இருப்பதே எனக்குத் தெரியாது.

“இது உங்க ஊட்டுக்குப் பின்வாசலுங்க. நீங்க புதுசா எதைப் போட்டாலும் இந்த வழியா வெளிய போயிரும். இதைப் பாத்துட்டே இருக்கற மாதிரி அவன் ஒரு புரோகிராம் எழுதி வெச்சிருப்பான். ஆளே வேண்டாம். நீங்க ‘வெளியிடு’ன்னு அமுக்கின ரெண்டாவது நிமிஷம் அங்க ஏறிக்கும்.”

“நான் ஒரு கட்டுரையைக் கால் மணி நேரத்துல எடுத்துட்டனே?”

“எடுத்தா உங்க பக்கத்துலதான் போகுமுங்க. அங்க ஏறுனது ஏறுனதுதான்.”

“ஒரே ஒரு ஆள்தான் பார்த்ததா எண்ணிக்கை காட்டுச்சு.”

“அது மனுசங்க வந்து பாத்த கணக்குங்க. பின்வாசல்ல வர்றது அதுல சேராது.”

அவர் தாடிக்காரரின் ஊற்றுக் கட்டுரையைத் திறந்து, தலைப்புக்கு அடியில் மங்கலான எழுத்தில் இருந்த தேதியையும் நேரத்தையும் காட்டினார். சாயங்காலம் ஆறு மணி நாற்பத்திரண்டு நிமிடம். என் போனை எடுத்தேன். டீச்சருக்கு நான் இணைப்பை அனுப்பியது அதே நாள், ஆறு நாற்பத்தொன்று. டீச்சர் அதைத் திறந்து படிக்கக்கூட நேரமில்லை. ஒரு நிமிஷம்.

அந்த நேரம் என் போனிலேயே இத்தனை நாளும் இருந்தது. அவருடைய போனை வாங்கி மடியில் வைத்துத் தோண்டிய நான், என் போனைப் பார்க்கவில்லை.

கடைக்காரர் என் பக்கத்தின் அமைப்புகளுக்குள் போய், முழுசாகப் போவதை இரண்டு வரி மட்டும் போகும்படி மாற்றினார். பிறகு புகார்ப் படிவத்தைத் திறந்தார். கட்டுரைகளின் முகவரிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். என்னுடையதும் அவனுடையதும் பக்கத்துப் பக்கத்தில். பிறகு படங்கள். அவனுடைய தளத்தில் என் பக்கத்துப் படங்கள் பதினேழு இருந்தன. கொட்டகைப் படம் ஒன்றின் ஓரத்தில் எஸ்டேட் பெயர்ப் பலகை தெரிந்தது; பெயர் அங்கிருந்துதான் போயிருக்க வேண்டும்.

“மூலப் படம் கேப்பாங்க மேடம். போன்ல எடுத்தது அப்படியே இருக்கணும். நீங்கதானே எடுத்தது?”

“ஆமாங்க” என்றேன்.

அவர் அடுத்த பக்கத்துக்குப் போனார். மேற்கண்ட படைப்புகள் அனைத்தும் என்னுடையவை, நான் சொல்வது பொய்யானால் சட்டப்படி நானே பொறுப்பு என்ற பொருளில் ஒரு உறுதிமொழி. அடியில் என் பெயரை அடிக்க வேண்டிய கட்டம்.

“ஆறுதான் நான் எடுத்தது” என்றேன். “மீதி பதினொண்ணு வேற ஒருத்தர்.”

“மூலையில உங்க பேர் இருக்குதுங்களே?”

“நான்தான் போட்டேன்.”

அவர் படிவத்தில் ஒரு பக்கம் பின்னால் போனார். எடுத்தவர் ஒரு கடிதம் எழுதி, மூலப் படத்தையும் கொடுத்தால் சேர்த்து அனுப்பலாம், இல்லையென்றால் எழுத்துக்கு மட்டும் புகார் கொடுக்கலாம் என்றார். எழுத்துக்கு மட்டும் கொடுத்திருந்தால் அந்தக் கடையிலிருந்து நேராக வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் ஊற்றின் படமும் அந்தப் பதினொன்றில் ஒன்று. நான் போய் வந்ததைக் கேட்டு, அடுத்த வாரமே டீச்சர் தனியாகப் போய் எடுத்து வந்தது; அதை வேறொரு பதிவில் போட்டிருந்தேன். பலா மரம் அதில் தெளிவாகத் தெரியும். அந்தப் படமும் போக வேண்டியிருந்தது.

சாயங்காலம் டீச்சர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் உள்ளே வாங்க என்று சொல்லவில்லை, விலகி நின்றார். மேஜையில் திருத்தாத நோட்டுகள் அடுக்கியிருந்தன. நின்றபடியே கடைக்காரர் சொன்னதை எல்லாம் சொன்னேன். ஆறு நாற்பத்தொன்று, ஆறு நாற்பத்திரண்டு என்று போனைக் காட்டினேன். தப்பு பண்ணிவிட்டேன் என்றேன். பஞ்சுநாக்குக் கீரை பொய் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று இப்போதும் சில சமயம் தோன்றும்.

மற்றதை எல்லாம் அசையாமல் கேட்டவர், அதற்குத்தான் நிமிர்ந்தார்.

“அந்தப் பையன் அவங்கம்மா கூட ஞாயித்துக்கிழமை காடு முழுக்கத் தேடினானுங்க.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“உக்காருங்க” என்றார். நான் அச்செடுத்துக் கொண்டுபோயிருந்த புகார்ப் படிவத்தை வாங்கிப் படித்தார். டீச்சர்கள் படிக்கிற மாதிரி, ஒவ்வொரு வரிக்கும் விரலை வைத்து.

“எடுத்தவர்ங்கற எடத்துல என் பேர் போடணுமுங்களா?”

“ஆமா டீச்சர்.”

“என் தம்பி அன்னைக்கு லிங்க் கேட்டதே அதுக்குத்தானுங்க. நான் எடுத்த படம் ஒரு சைட்ல வந்திருக்குதுன்னு சொன்னேன், பாக்கணும்னான். பாத்துட்டு, ‘ஏக்கா, நீ எடுத்ததுன்னே, வேற பேர் போட்டிருக்குது’ன்னு போன் பண்ணினான். அது சும்மா முத்திரைடா, எல்லா சைட்லயும் அப்படித்தான் போடுவாங்கன்னு சொன்னேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “பஸ்ஸுல அதைத்தான் சொல்ல வந்தேன். சொன்னா உங்களைக் குத்திக் காட்டற மாதிரி இருக்கும்னு வுட்டுட்டேன்.”

ஒரு நோட்டிலிருந்து தாள் கிழித்து அங்கேயே கடிதம் எழுதினார். பதினொரு படங்களும் தான் எடுத்தவை, எந்த நாள், எந்த இடம் என்று ஒவ்வொன்றுக்கும். தேதிகளைப் போனில் பார்த்துப் பார்த்து எழுதினார். மூலப் படங்களை என் எண்ணுக்கு அனுப்பினார். எல்லாம் முடிந்ததும், “அக்கா, ஒண்ணு கேக்கலாமுங்களா?” என்றார்.

“சொல்லுங்க டீச்சர்.”

“இந்த வேலை முடிஞ்சதும் உங்க பக்கத்துல இருந்தும் இந்தப் படங்களை எடுத்துருங்க.”

“உங்க பேரைப் போட்டுடறேன். மூலையில, பெருசா.”

“வேண்டாமுங்க. எடுத்துருங்க.”

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். மாணவனிடம் நோட்டைக் கேட்கிற குரலில்தான் சொன்னார். காபி குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

புகார் போன இரண்டு வாரத்தில் என் இருபத்து மூன்று கட்டுரைகளும் பதினேழு படங்களும் அந்தத் தளத்திலிருந்து போய்விட்டன. தாடிக்காரர் போகவில்லை. வேறு யாருடைய எழுத்தோ இப்போது அவர் பெயரில் வந்துகொண்டிருக்கிறது. நீலகிரிப் பக்கம் யாரோ எழுதியதுபோல் தெரிகிறது. அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதிப் பின்வாசலைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தேடினேன், யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தத் தாடிப் படமும் வேறு யாரிடமிருந்தாவது எடுத்ததாகத்தான் இருக்கும் என்றார் கடைக்காரர்.

மேனேஜரிடம் கம்பெனி அனுப்பிய பதிலை அச்செடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் படித்துக் கோப்பில் போட்டுக்கொண்டார். அதன் பிறகும் நான் கொட்டகைப் பக்கம் போனால் எதற்கு என்று கேட்கிறார். தலைச்சோலையில் முள் அடைப்பு இன்னும் இருக்கிறது. எங்கேயும் இல்லாத வழியை எப்படியோ தெரிந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு கார் வந்துவிடும். தலைச்சோலைக்காரர் வேலைக்கு வரும்போது என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறார். புதிதாக எதையும் காட்டுவதில்லை.

என் பக்கத்திலிருந்து அந்தப் பதினொரு படங்களையும் எடுத்தேன். எடுத்த இடங்களில் வெள்ளைக் கட்டங்கள். நானே எடுத்துப் போடலாம் என்று காபிக் களத்தில் நின்று முயன்றேன். கை நடுங்கியது. கட்டங்களை அப்படியே விட்டுவிட்டேன்.

ஜூனில் டீச்சர் மலையிலேயே மஞ்சக்குட்டைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகிப் போனார். ஷேர் ஜீப்பில் போய் வருகிறார் என்று கேள்விப்பட்டேன். சில மாதம் கழித்து, அவர் தம்பி செய்து கொடுத்த ஒரு பக்கத்தில் அவருடைய படங்கள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றின் மூலையிலும் அவர் பெயர். எல்லாவற்றையும் பார்ப்பேன். நான் பார்ப்பது அவருக்குத் தெரியுமா என்று தெரியாது.

சென்ற வாரம் பனியில் வருகிற ஒரு ஜீப்பின் படம் போட்டிருந்தார். அடியில் ஒரு வரி: ‘முதலில் சத்தம் வரும், அப்புறம் விளக்கு, கடைசியில்தான் வண்டி.’ படித்ததும் எனக்குத் திக்கென்றது. இது என்னுடைய வரி அல்லவா? என் பக்கத்தைத் திறந்து ஏழு வருஷக் கட்டுரைகளிலும் தேடினேன். சத்தம் என்று அடித்துத் தேடினேன், விளக்கு என்று அடித்துத் தேடினேன். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். எங்கேயும் இல்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது எங்களில் யாராவது ஒருத்தர் சொல்லியிருப்போம். யார் என்று எனக்கு ஞாபகம் இல்லை.